பெருவிரல் அளவு இரும்புத் துண்டு

 

உங்கள் வீட்டிலோ ஊரிலுள்ள உம்மா வீட்டிலோ ஓடாமல் நின்றுபோன இயந்திரம் ஏதாவது இருக்கிறதா? அது ஒரு தையல் மெஷினாக இருக்கலாம், கிணற்றடியில் கிடக்கும் தண்ணீர் மோட்டாராக இருக்கலாம். வளவையும் வயலையும் உழுது களைத்து, கொட்டிலில் தூசி படிந்து நிற்கும் பழைய "லேண்ட்மாஸ்டராகவும்" இருக்கலாம். "இதற்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

அந்த வார்த்தையை நம்பி அவசரப்பட்டு விடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கடையில் கிடைக்காத உதிரிப்பாகத்தை நாமே செய்துகொள்ள முடியும். எல்லாவற்றையும் அல்ல, ஆனால் நாம் நினைப்பதை விட அதிகமானவற்றை.

"உழவு இயந்திரம் ஆண்களின் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இயந்திரம் நின்றுபோனால், அடுத்த மாதம் அரிசிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் என்ன செய்வது என்று கணக்குப் பார்ப்பது யார்? நாம்தானே!

ராத்தா கொண்டுவந்த பை

2022ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சாமானின் விலையையும் கேட்கவே பயமாக இருந்தது.

அந்த வருடம் பெரும்போக விதைப்புக்கு முன்னர்தான் சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து என் ராத்தா வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மச்சான் மௌத்தாகி, ராத்தா இத்தா முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மச்சான் விட்டுச்சென்றது கொஞ்சம் வயலும் ஒரு பழைய இரு சக்கர உழவு இயந்திரமும். 17 வயது மகன் அதைக் கொண்டு சொந்த வயலை உழுவான். பக்கத்து வட்டைகளில் கூலிக்கும் உழுது கொடுப்பான். அந்தக் கூலியில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ராத்தாவின் கையில் ஒரு சந்தைப் பை. அதற்குள் பழந்துணியில் சுற்றிய ஓர் இரும்புத் துண்டு. பெருவிரல் அளவுதான் இருக்கும், நடுவில் இரண்டாக முறிந்திருந்தது.

"இதுதான் தங்கச்சி. பெல்ட்டை இறுக்குற கப்பி இந்தத் தண்டிலதான் சுத்துது. இது இல்லாட்டி பெல்ட் தொய்யுது; எஞ்சின் ஓடினாலும் சில்லு சுத்தாது. அம்பாறையிலயும் கேட்டாச்சு, கல்முனையிலயும் கேட்டாச்சு. இந்த மெஷினுக்குச் சாமான் வாறதே இல்லையாம். இரும்புக்காரன் ரெண்டு தரம் வந்து விலை கேட்டுட்டுப் போயிட்டான்."

கிலோ கணக்கில் விலை கேட்டிருக்கிறான். ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் முழுவதும் அந்தச் சின்னத் துண்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

எருமையும் இயந்திரமும்

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டும். கிழக்கிலும் வடக்கிலும் இரு சக்கர உழவு இயந்திரம் எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் "லேண்ட்மாஸ்டர்" என்றே நம்மவர்கள் சொல்வார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இலங்கையர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய அவர், 1950களில் சிறு விவசாயிக்கு ஏற்ற இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியிலிருந்த லேண்ட்மாஸ்டர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. பின்னாளில் ஜப்பானிய இயந்திரங்களும் சீன இயந்திரங்களும் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

இந்த மனிதரின் கதையில் முக்கியமான பகுதி இனித்தான் வருகிறது. பிற்காலத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்த அவர், தாம் செய்ததைத் தாமே கேள்வி கேட்டார். தாம் விவசாயத்தை நவீனப்படுத்தவில்லை, எருமையைத்தான் இயந்திரமாக்கினேன் என்று பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார். எருமை வரம்போரப் புல்லைத் தின்று வேலை செய்யும், பாலும் எருவும் தரும், கன்றும் ஈனும். இயந்திரமோ வெளிநாட்டு எண்ணெயையும் வெளிநாட்டு உதிரிப்பாகத்தையும் எதிர்பார்த்து நிற்கும். தான் வடிவமைத்த பொருளைப் பற்றி இப்படி நேர்மையாகப் பேச எத்தனை பேருக்கு மனம் வரும்!

அவர் சொன்னதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நாம் மீண்டும் எருமைக்குத் திரும்பப் போவதில்லை. ஆனால் இயந்திரத்தின் சின்னச் சின்னப் பாகங்களையாவது நம் ஊரிலேயே செய்யக் கற்றுக்கொண்டால் அந்தக் குறையில் பாதி தீர்ந்துபோகும். பாகம் செய்யத் தெரிந்தவன் கையில் இருக்கும்வரை இயந்திரம் நமக்கு வேலைக்காரன். தெரியாதபோது நாம்தான் அதற்கு அடிமை.

முதல் தண்டு ஏன் உடைந்தது?

ராத்தா வந்த மறுநாளே வீதியோரப் பட்டறை ஒன்றில் முறிந்த துண்டைக் கொடுத்தோம். அங்கிருந்தவர் கையில் வாங்கிப் பார்த்தார், ஓர் இரும்புக் கம்பியை எடுத்தார், அரை மணி நேரத்தில் அதே போல் ஒன்றைக் கடைந்து தந்துவிட்டார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். ராத்தா அன்றிரவே கல்முனை பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் அழுகையோடு தொலைபேசி வந்தது. புதிய தண்டு இரண்டே நாள் உழவில், பழையது முறிந்த அதே இடத்தில் முறிந்துவிட்டதாம்!

ஆள் கூட்டிக்கொண்டு விதைக்கும் பருவம். மழையும் இறங்கப் போகிறது. ராத்தா மறுபடியும் கொழும்புக்கு வந்தார். இம்முறை பையில் முறிந்த தண்டுகள் இரண்டு. விசாரித்ததில், கொட்டாஞ்சேனையில் வயதான ஒரு மாஸ்டர் இருக்கிறார், துறைமுகத்துக் கப்பல் வேலைகளில் பழகிய கை என்று சொன்னார்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் போனோம். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருந்தது அந்தப் பட்டறை. எண்ணெய் வாசனை, தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல்.

மாஸ்டர் துண்டுகளை வாங்கினார். கடைசல் இயந்திரத்தின் பக்கமே திரும்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். முறிந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது சுத்துற கப்பி எங்க?"

"அது ஊரில மெஷினோட கிடக்கு ஐயா."

"ஜோடி இல்லாம நான் செய்யமாட்டேன். செருப்பில ஒண்ட மட்டும் கொண்டுவந்து காலுக்குச் சரியா எண்டு கேட்டா எப்பிடி?"

பிறகு முறிந்த முகத்தை எங்களுக்கும் காட்டினார். ஒரு பாதி கறுத்து மழுங்கியிருந்தது. மறுபாதி உடைத்த கற்கண்டு போலப் பளபளத்தது. "கறுத்த பக்கம் பழைய வெடிப்பு. மாசக்கணக்கா உள்ளே ஓடிக்கொண்டு இருந்திருக்கு. மிச்சப் பாதிதான் கடைசி நாளில முறிஞ்சது. ஒரே அடியில உடைஞ்ச சாமான் இல்ல இது. இழுபட்டு இழுபட்டுக் களைச்சுப் போன சாமான்."

அன்றிரவே மகனுக்குச் சொன்னோம். அவன் கப்பியைக் கழற்றிக் கடதாசிப் பெட்டியில் வைத்துக் கட்டி, கொழும்பு வரும் பஸ் நடத்துநரிடம் ஒப்படைத்தான். விடியற்காலையில் புறக்கோட்டையில் போய் எடுத்துக்கொண்டோம். கப்பியைக் கண்டதும் மாஸ்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதன் நடுவிலிருந்த வெண்கலப் புஷ் தேய்ந்து, வட்டத் துவாரம் முட்டை வடிவாகியிருந்தது. அதனால் கப்பி ஆடியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தண்டை உதைத்திருக்கிறது. தண்டை மட்டும் மாற்றினால் எத்தனை தண்டு போட்டாலும் முறியும்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: உடைந்ததைச் செய்வதற்கு முன் உடைத்தது எது என்று தேடுங்கள்.

மூலையில்தான் கிழியும்

முதல் பட்டறையில் இன்னொரு பிழையும் நடந்திருந்தது. அந்தத் தண்டின் ஒரு பகுதி பருத்தது, மறு பகுதி மெலிந்தது. இரண்டும் சேரும் மூலையை அவர் கூர்மையாக, செங்கோணமாக வெட்டியிருந்தார். பார்வைக்கு அழகுதான். ஆனால் பாரம் முழுவதும் அந்த மூலையில் போய்க் குவிகிறது.

இது தையல் தெரிந்த நமக்குப் புதிய செய்தியா? சல்வாரின் பக்க வெட்டு எங்கே கிழியும்? வெட்டு முடியும் மூலையில்தான்! அதனால்தான் அந்த இடத்தில் இரண்டு தையல் கூடப் போடுகிறோம். இரும்புக்கும் அதே சட்டம்தான். பருத்த பகுதியும் மெலிந்த பகுதியும் சேருமிடத்தை இலேசாக வளைத்துக் கடைந்தால் பாரம் பரவிப் போகும். பட்டறையில் வேலை கொடுக்கும்போது "மூலையைக் கூராக வெட்டாமல் வளைத்துக் கடையுங்கள்" என்ற ஒரு வார்த்தை சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு போக உழவைக் காப்பாற்றும்.

அளவெடுப்பது எப்படி?

பாகத்தைக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். சட்டை தைக்க அளவெடுத்து எழுதுகிறோமே, அதே போலத்தான். பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், முனையிலிருந்து ஒரு தோற்றம். நீளம், விட்டம், துவாரங்களின் இடைவெளி எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு எழுதுங்கள். அடிமட்டம் போதாது. பாடசாலைப் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் பயன்படுத்தும் வேணியர் இடுக்கிமானி ஒன்று இருந்தால் நல்லது. உங்கள் மகளுக்கோ மகனுக்கோ அதை வாசிக்கத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தேய்ந்த இடத்தில் அளவெடுத்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். புதிய பாகமும் தேய்ந்ததாகவே பிறக்கும். ஆகவே உராயாத இடத்தில் அளவெடுங்கள். தண்டின் ஓரத்தில், புஷ் தொடாத பகுதியில் பழைய அளவு அழியாமல் இருக்கும்.

தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும்? 20 மில்லிமீற்றர் தண்டு என்றால் ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்கு வரை. நம் தலைமயிரின் பருமனே ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். அதைவிடவும் குறைந்த இடைவெளியில்தான் எண்ணெய் நின்று இரண்டையும் காக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆடும், உதைக்கும்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் செய்யுமாறு பணித்ததையும் ஸூரத்துஸ் ஸபஃவில் ஓதுகிறோம். இரும்பை வளைக்கும் ஆற்றலைச் சொன்ன இடத்திலேயே அளவும் சொல்லப்பட்டிருப்பதை அன்று அந்தப் பட்டறையில் நின்றபோதுதான் நான் யோசித்துப் பார்த்தேன்.

மரை பேசும் மொழி

பழைய இயந்திரங்களில் நம்மை ஏமாற்றும் இன்னொன்று, ஆணியின் மரை. ராத்தாவின் இயந்திரத்தில் பெயர்த்தகடு தேய்ந்துபோய் எழுத்தே தெரியவில்லை. "கவலையில்லை, எந்த நாட்டுப் பிள்ளை எண்டு மரை சொல்லும்" என்றார் மாஸ்டர்.

ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் 1841இல் மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் மெற்றிக் மரையின் கோணம் 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். முக்கால் அங்குலத்தில் பாதியான 3/8 அங்குல விட்வேர்த் ஆணியின் பருமன் 9.525 மில்லிமீற்றர், மெற்றிக் 10 அதைவிடக் கொஞ்சம் பெரிது. மரைக்கு மரை தூரம் ஒன்றில் ஏறத்தாழ 1.59 மில்லிமீற்றர், மற்றதில் 1.5. ஆகவே ஒன்றின் சுரைக்குள் மற்றதன் ஆணியைப் பிடித்தால் ஆரம்பத்தில் கௌவுவது போலத் தோன்றும், உடனே இறுகும். "கொஞ்சம் பலமாய்த் திருகு" என்பார்கள். திருகினால் ஆணியும் போச்சு, வார்ப்பிரும்பில் இருந்த பழைய மரையும் போச்சு!

விதி மிகவும் எளிது. சுரையை முதலில் விரலால் திருகுங்கள். ஐந்தாறு சுற்று விரலுக்கே தடையில்லாமல் ஓடினால்தான் சாவியை எடுக்கவேண்டும். துருவும் அழுக்கும் இல்லாதபோதும் விரலுக்கு ஓடாதது உங்கள் சுரை அல்ல.

எந்த உலோகம்?

"இரும்புதானே, எதுவானால் என்ன?" என்று கேட்கக்கூடாது. அரிசி என்றால் எல்லாம் ஒரே அரிசியா? சம்பாவுக்கும் பச்சையரிசிக்கும் சமையலில் எவ்வளவு வித்தியாசம்! சாதாரண மென்னுருக்கில் கரி ஏறத்தாழ 0.2 சதவீதம், அது வளையும், சீக்கிரம் தேயும். தண்டு, பின் போன்றவற்றுக்குக் கரி 0.4 சதவீதமளவில் உள்ள உருக்கு நல்லது. பட்டறைக்காரர்கள் அதை "ஈ.என். 8" என்பார்கள். கட்டிட வேலையில் மிஞ்சிய கம்பியைக் கடைந்து தண்டு செய்யச் சொல்லவே வேண்டாம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரும்புச் சாமான்களுக்குப் பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் இருக்கின்றன. பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. கழிக்கப்பட்ட வாகன அச்சு ஒன்றின் துண்டு கூட நல்ல தண்டுக்கு மூலப்பொருளாகும்.

ஒன்றையொன்று உராயும் இரு பாகங்களில் எது தேயவேண்டும் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்கவேண்டும். கடினமான உருக்குத் தண்டுக்கு மென்மையான வெண்கலப் புஷ் போடுவது இதனால்தான். மலிவான, மாற்ற இலகுவான புஷ் தேயட்டும். விலை கூடிய தண்டு தப்பட்டும். பழையவர்கள் இதில் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

வார்ப்பிரும்புப் பாகம் உடைந்தால் வேறு கணக்கு. உடைந்ததை ஒட்டி, அதையே அச்சாக வைத்து மண்ணில் வார்த்தால் புதிய பாகம் சிறுத்துவிடும். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்குகிறது. 300 மில்லிமீற்றரில் 3 மில்லிமீற்றர் போய்விடும். அலுமினியம் இன்னும் கொஞ்சம் கூடச் சுருங்கும். ஆகவே வார்ப்புக்கு மர அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்வார்கள். துணி தோய்த்தால் சுருங்கும் என்று ஓர் அங்குலம் கூட்டி வெட்டும் நமக்கு இது விளங்காதா என்ன!

வீட்டிலேயே, உங்கள் கையாலேயே

பட்டறைக்குப் போகாமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. எண்ணெய் கசியாமலிருக்க மூடிகளுக்கு நடுவே வைக்கும் கெஸ்கட். இதை ராத்தா தன் கையாலேயே செய்தார்.

முதலில் மூடியின் விளிம்பைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்குங்கள். பழைய கெஸ்கட்டை உலர்ந்தபடி சுரண்டவேண்டாம். பழையவற்றில் கல்நார் கலந்திருக்கலாம், அதன் தூசி சுவாசத்துக்குக் கேடு. நனைத்து ஈரத்தோடு எடுங்கள், பிள்ளைகளைத் தூர அனுப்பிவிடுங்கள். பிறகு விளிம்பில் மெல்லியதாக எண்ணெய் தடவி, கெஸ்கட் தாளின் மேல் அழுத்துங்கள். மருதாணி பதிவது போல வடிவம் அப்படியே பதிந்துவிடும். துவாரங்களை முதலில் வெட்டுங்கள், ஓரத்தைக் கடைசியில் வெட்டுங்கள். ஓரத்தை முதலில் வெட்டினால் தாள் நழுவித் துவாரம் இடம் மாறிவிடும். அவ்வளவுதான்!

இது கியர் பெட்டி மூடி போன்ற அமுக்கம் குறைந்த இடங்களுக்கு மட்டுமே. எஞ்சின் தலைக்கு வைக்கும் கெஸ்கட்டைக் கடையில்தான் வாங்கவேண்டும்.

இவற்றில் கை வைக்காதீர்கள்

சிக்கனம் வேறு, உயிரோடு விளையாடுவது வேறு. பிரேக் பாகங்கள், பெட்டியை இழுக்கும் கொக்கியும் அதன் பின்னும், வேகமாகச் சுழலும் பாரச்சில்லு, எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் தண்டு ஆகியவற்றை அரைகுறையாகச் செய்து போடக்கூடாது. எரிபொருள் தாங்கி ஓட்டையானால் வெல்டிங் கடைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. காலியாகத் தெரியும் தாங்கிக்குள்ளும் ஆவி இருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். சமையலறையில் பிரஷர் குக்கரின் பாதுகாப்பு வால்வுக்கும் எரிவாயு ரெகுலேட்டருக்கும் இதே விதிதான்.

பெயாரிங், ஒயில் சீல், பெல்ட் போன்றவை அளவு பார்த்துக் கடையில் வாங்கவேண்டியவை. அவற்றில் இலக்கம் பொறித்திருக்கும். இயந்திரத்தின் பெயரைச் சொல்லாமல் இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். "அந்த மெஷினுக்குச் சாமான் இல்லை" என்று சொன்ன கடையிலேயே அதே இலக்கம் வேறு பெட்டியில் இருக்கும்!

கஷ்ட காலம் தந்த கல்வி

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபோது, கடைசல் பட்டறைகள்தான் லொறிகளையும் ஆலைகளையும் ஓட வைத்தன. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினார்கள். இங்கிலாந்தில் 1948இல் பிறந்த மொரிஸ் மைனர் காரின் உற்பத்தி நின்று பல வருடங்களுக்குப் பிறகு, 1990களில் அதன் உதிரிப்பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே போயின என்றால் நம்புவீர்களா? நம்மவர் கைக்கு இயலாதது ஒன்றுமில்லை. அந்தக் கைகளைத் தேடிப் போகவேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கைகள் முதுமையடைகின்றன என்பதுதான் என் கவலை. கொட்டாஞ்சேனை மாஸ்டருக்குப் பின்னால் அந்தக் கடைசல் இயந்திரத்தில் நிற்க ஒருவருமில்லை. "படிச்ச பிள்ளைகள் கையில எண்ணெய் பட விரும்புதில்ல தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தம் செருப்பைத் தாமே தைத்து, தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்தில் கைத்தொழிலைக் குறைவாக நினைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? உங்கள் பிள்ளை எதையாவது கழற்றிப் பார்த்தால் ஏசாதீர்கள். கழற்றிய ஆணிகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணத்தைக் கொடுங்கள்.

பிஸ்கட் டின்னுக்குள் ஒன்று

மாஸ்டர் அன்று புஷ்ஷையும் தண்டையும் ஜோடியாகச் செய்தார். மூலையை வளைத்துக் கடைந்தார். கப்பியை மாட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சத்தமில்லாமல் சுழன்று மெதுவாக நின்றது. கேட்காமலே இன்னொரு தண்டும் கடைந்து தந்தார். "ஒண்டு ஓட, ஒண்டு காத்திருக்க" என்றார்.

ராத்தாவின் மகன் அந்தப் பெரும்போகத்தை உழுது முடித்தான். கூலி உழவும் தப்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரும்புக்காரன் பிறகு வரவேயில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது ராத்தாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கண்டேன். பொத்தானும் நூலும் இருக்கும் என்று திறந்தேன். இருந்தன. அவற்றோடு, கிறீஸ் பூசி எண்ணெய்த் தாளில் சுற்றிய அந்த இரண்டாவது தண்டும், நாலாக மடித்த ஒரு கடதாசியும் இருந்தன. ராத்தா தன் கையாலேயே வரைந்த படம். நீளம், விட்டம், மரை, உலோகம் எல்லாம் எழுதியிருந்தார். ஓரத்தில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு: "மூலையை வளைக்கச் சொல்லவும்."

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கட்டும். இன்று ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை இன்றே ஒரு தரம் கழற்றி அளவெடுத்து எழுதி வைத்துவிடுங்கள். உடைந்த பிறகு தேடுவதை விட ஓடும்போது எழுதி வைப்பது எவ்வளவோ இலகுவானது.